வெறும் சாக்கின் எடை

1

அன்று அந்த மண்டபத்தில் இருந்தவர்கள் இவர்கள்.

வர்கீஸ். எங்கள் கம்பனியில் ஆட்களை எடுக்கும் ஆளணி மேலாளர். கேரளத்துக்காரர். மஸ்கட்டில் என்னைவிட ஐந்து வருஷம் மூத்தவர்.

நசார் நானா. கண்டியில் ஆள் அனுப்பும் முகவர். மண்டபத்தைப் பிடித்துக் கொடுத்தவரும் தராசு கொண்டுவந்தவரும் அவர்தான்.

இர்ஃபான். அக்குறணைப் பையன், வயது இருபத்தாறு. வேலைக்கு வந்தவன்.

கோகிலா. கலஹாப் பக்கத்துத் தோட்டம், வயது இருபத்தேழு. வேலைக்கு வந்தவள்.

நிவேதா. என் மகள். மஸ்கட்டில் பிறந்தவள். கல்லூரி லீவுக்கு என்னோடு வந்திருந்தாள். புள்ளிகளைக் கணினியில் பதியும் வேலையை அவளிடம் கொடுத்திருந்தோம்.

நான். சந்திரன். எட்டாம் வகுப்பு. ஓமானில் தொழிலாளர் முகாம்களுக்குச் சோறு போடும் ஒரு கம்பனியில் கொள்முதல் மேற்பார்வையாளர்.

எல்லாமாக ஆறு பேர்.

இடம் அம்பிட்டிய ரோட்டில் ஒரு கலியாண மண்டபத்தின் மேல்மாடி. முந்தின நாள் யாருக்கோ கலியாணம் நடந்திருந்தது. மேடையில் பூ வாடிக் கிடந்தது. வெளியே மழை. நடுவில் தார்ப்பாயை விரித்து, தராசை வைத்து, பக்கத்தில் நான்கு சாக்குக் கரட் கிழங்கை வைத்திருந்தோம். காலையில் சந்தையில் வாங்கியது. லொறியிலிருந்து இறக்கும்போதே நனைந்துவிட்டது.

விண்ணப்பம் போட்டவர்கள் பதினொரு பேர். முதல் நாள் எழுத்திலும் பேச்சிலும் ஒன்பது பேர் போய்விட்டார்கள். மிச்சம் இரண்டு பேர். வேலை ஒன்று. அது என்னுடைய இடம். அடுத்த வருஷம் நான் விலகுகிறேன். அதுவரை என்னோடு நின்று பழகி, பிறகு என் கதிரையில் உட்கார ஓர் ஆள் வேண்டும்.

கண்டியில் எடுக்கலாம் என்று கம்பனியிடம் கேட்டது நான்தான். நான் மஸ்கட்டுக்குப் போய் இருபத்துநாலு வருஷம் ஆனதும் அந்த மாதம்தான். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

2

ஊரில் இதை வாசிக்கிறவர்களுக்கு என் வேலை என்ன என்று சொல்ல வேண்டும். பலர் கடை வைத்திருக்கிறேன் என்று நினைக்கிறார்கள்.

விடிய நாலரைக்கு லொறி வரும். உள்நாட்டுத் தோட்டங்களிலிருந்து கத்தரி, தக்காளி, முட்டைக்கோவா. துறைமுகத்திலிருந்து உருளைக்கிழங்கு, வெங்காயம். ஒவ்வொன்றையும் பார்க்க வேண்டும். நிறுக்க வேண்டும். நல்லதை எடுத்து, ஆகாததைத் திருப்பி, கையெழுத்துப் போட வேண்டும். எட்டு மணிக்குப் பிறகு விலை கேட்பது, ஆள் மாற்றுவது, அடுத்த வாரத்துக்குச் சொல்லி வைப்பது. மத்தியானம் கடிதங்கள். அவ்வளவுதான். இதில் ஒரு நாள் பிசகினால் மூவாயிரம் பேருக்குக் கறி இல்லை.

நான் அங்கே போனது பாத்திரம் கழுவ. இரண்டாம் வருஷம் ஒரு நாள் சாமான் இறக்கும் மேடைக்கு எழுதுகிறவர் வரவில்லை. என்னைப் பார்த்து, "உனக்கு நிறுக்கத் தெரியுமா?" என்று கேட்டார்கள். தெரியும் என்றேன். ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பத்தொன்பது வயதிலிருந்து தேயிலைக் கொழுந்துத் தராசில் நின்றவன் நான். கொக்கியில் சாக்கை மாட்டுகிற வேலை.

அன்று முப்பது சாக்கு உருளைக்கிழங்கு வந்தது. ஒவ்வொன்றையும் நிறுத்தேன். ஒவ்வொன்றிலும் இரண்டு கிலோவைக் கழித்து எழுதினேன். சாக்குக்கும் ஈரத்துக்கும்.

யாரும் கழிக்கச் சொல்லவில்லை. நிறுப்பது என்றால் இரண்டைக் கழித்து எழுதுவது என்றுதான் நான் பழகியிருந்தேன். எங்கள் தோட்டத்தில் அப்படித்தான் நிறுத்தார்கள். சாமான் கொண்டுவந்தவன் முறைத்தான். சீட்டை வாங்கிக்கொண்டு போனான். எங்கள் கம்பனிக்கு விற்காவிட்டால் அவனுக்கு வேறு பெரிய ஆள் கிடையாது.

மறுநாள் என்னைக் கூப்பிட்டு, "இனி நீ இங்கேயே நில்லு" என்றார்கள். பிறகு எழுத்தர். பிறகு உதவிக் கொள்வனவாளர். பிறகு மேற்பார்வையாளர். அதற்கு மேலே மூன்று தடவை இடம் காலியானது. மூன்று தடவையும் பட்டம் படித்த பிள்ளைகள் வந்தார்கள். அவர்களுக்கு நான்தான் மேடையைச் சுற்றிக் காட்டினேன். வருத்தம் இல்லை என்று எழுதினால் பொய். பழகிவிட்டது.

மேடைச் சுவரில் ஒரு கரும்பலகை. அதில் என் கையெழுத்தில் எழுதியிருந்தது: சாக்குக் கழிவு 2 கிலோ. அதை எல்லாருக்கும் விளங்கும்படி மூன்று மொழியில் எழுதியிருந்தேன். மழைத்தண்ணீர் பட்டு மங்கினால் திரும்பவும் எழுதுவேன். மஸ்கட்டில் மழை குறைவு. நாலைந்து தடவைதான் எழுதியிருப்பேன்.

3

மகளைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

நிவேதா படிப்பது இதே வேலையைத்தான். அதற்குக் கல்லூரியில் நீளமாக ஒரு பெயர் இருக்கிறது. முதல் வருஷம் புத்தகத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, "அப்பா, நீங்க காலையில செய்ற எல்லாத்துக்கும் ஒரு பேர் இருக்கு, தெரியுமா?" என்றாள். தெரியாது என்றேன். அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஏழாவது எட்டாவது பெயரில் தூங்கிவிட்டேன்.

தமிழ் பேசுவாள். எழுத மாட்டாள். 'உங்க ஊர்' என்றுதான் சொல்வாள். நான் திருத்துவதில்லை.

இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மஸ்கட்டில் வதிவிட அட்டையைப் புதுப்பிக்க வேண்டும். படிவத்தில் 'நிரந்தர முகவரி' என்று ஒரு பெட்டி. நான் இன்னும் தோட்டத்துப் பேரை எழுதி, மேல் பிரிவு, லயம் மூன்று, காம்பரா ஐந்து என்று எழுதுகிறேன். தோட்டத்து வரிசை வீட்டில் ஒற்றை அறையான அந்தக் காம்பராவில் இப்போது வேறு குடும்பம். அம்மா போய்ப் பதினாறு வருஷம். ஆனாலும் எழுதுவதற்கு வேறு ஒன்றும் இல்லை. நிவேதா பதினெட்டு வயதில் முதல் தடவை தன் படிவத்தைத் தானே நிரப்பினாள். அந்தப் பெட்டியை விட்டுவிட்டாள்.

"ஏன் விட்ட?"

"எத எழுத? நான் அங்க இருந்ததே இல்லையே."

கவுண்டரில் இருந்தவர் ஒன்றும் கேட்கவில்லை. முத்திரை குத்திக் கொடுத்தார்.

அம்பிட்டிய மண்டபத்திலும் அதே பெட்டி வந்தது. வர்கீஸ் கோகிலாவின் படிவத்தைத் தூக்கிப் பிடித்தார்.

"இதென்ன, லயம் நாலு, காம்பரா ஆறு? வீட்டு நம்பர் எங்கே? தெரு எங்கே?"

"தெரு இல்ல சேர். கடுதாசி எல்லாம் தோட்டத்து ஆபிசுக்கு வரும். அங்க போய் எடுப்போம்."

"தனி முகவரி கிடையாதா?"

"கிடையாது சேர்."

வர்கீஸ் என்னைப் பார்த்தார். "உன் ஊர்க்காரியா?" என்று மெல்லக் கேட்டார்.

"இல்லை. நான் ஹுன்னஸ்கிரிய. இவர் கலஹா. கண்டிக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று."

அவர் கேட்டதில் தப்பில்லை. எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஊர்க்காரிக்குச் சாய்ந்தான் என்று ஒருவரும் சொல்லக்கூடாது. அதனால் முதலிலிருந்தே அந்தப் பிள்ளையிடம் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டேன்.

"இப்ப எங்க வேலை?" என்று கேட்டேன்.

"மரக்கறி சேர்க்குற நிலையம் ஒண்ணுல சேர். கடைகளுக்கு அனுப்புறது. அஞ்சு வருஷம்."

"என்ன பதவி?"

"டெம்பரரி."

"அஞ்சு வருஷமாவா?"

"ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷம்னு சொல்றாங்க சேர்."

பின்னேர வகுப்பில் கொள்முதல் டிப்ளோமா முடித்திருந்தாள். கலஹாவிலிருந்து முதல் பஸ்ஸில் பேராதனைக்கு வந்து, அங்கிருந்து கண்டிக்கு மாறி, வேலைக்குப் போய், வகுப்புக்குப் போய், கடைசி பஸ்ஸில் திரும்பியிருக்கிறாள். இரண்டு வருஷம்.

"ஏன் இந்த வேலை வேணும்?"

மற்ற பத்துப் பேரும் குடும்பக் கஷ்டம், முன்னேற்றம் என்று சொன்னார்கள். இவள் கொஞ்சம் யோசித்தாள்.

"எனக்கு வாங்கத் தெரியும் சேர். வாங்கத் தெரியும்னு ஒரு தாள்ல எழுதிக் குடுக்கத்தான் ஆள் இல்ல."

4

புள்ளித்தாளை எழுதியது நான். ஐந்து தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் பத்து. பார்வை, நிறை, கழிவு, எழுத்து, பேச்சு. நசார் நானா சாமான் கொண்டுவரும் வியாபாரியாக நடிக்க வேண்டும். ஆளுக்கு இரண்டு சாக்கு. அவர்கள் அதை ஏற்கிறார்களா, எப்படி ஏற்கிறார்கள் என்று நாங்கள் பார்ப்போம்.

நசார் நானாவுக்கு நடிக்கச் சொல்லியே கொடுக்க வேண்டியதில்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

முதலில் இர்ஃபான். சாக்கின் வாயை அவிழ்த்தான். மேலே இருந்த கரட்டைப் பார்த்தான். கையை அடிவரை விட்டு ஒன்றை இழுத்தான். கறுத்து, வளைந்து இருந்தது.

"நானா, மேல ஈக்குறதெல்லாம் மாப்புள. அடியில ஈக்குறது மாமனாரா?"

எல்லாரும் சிரித்தோம். வர்கீஸுக்கு அந்தப் பேச்சுத் தமிழ் பிடிபடவில்லை, நிவேதா ஆங்கிலத்தில் சொன்னாள். அவரும் சிரித்தார்.

"டேய், மாமனார் இல்லாம மாப்புள ஏது?" என்றார் நசார் நானா. "குடும்பத்தோடதான் எடுக்கணும்."

"அப்ப சீதனத்த கொறைங்கோ."

"வாப்பாட கடையில இப்பிடியா வேவாரம் பண்ற?"

"வாப்பாட கடையில நான் வித்தேன் நானா. இங்க வாங்குறேன். வாய் அதே வாய்தான்."

கெட்டிக்காரன். சாக்கைத் தராசில் ஏற்றினான். நாற்பது கிலோ காட்டியது. நான் கேட்டேன்.

"எவ்வளவு கழிப்பீங்க?"

அவன் சாக்கைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தான்.

"ரெண்டு கிலோ சேர். ஈரம் கூட எண்டா மூணு."

வர்கீஸ் தலையாட்டினார். நான் 'கழிவு' என்ற இடத்தில் பத்துப் போட்டேன்.

அடுத்தது கோகிலா. அவள் பேசவே இல்லை. மூலையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பெட்டியை எடுத்து வந்தாள். தராசில் வெறும் பெட்டியை வைத்து, பொத்தானை அழுத்தி, சைபர் ஆக்கினாள். பிறகு சாக்கைத் தார்ப்பாயில் கொட்டினாள். கரட்டைப் பரப்பிவிட்டு எழுந்து நின்றாள்.

ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம்.

"என்ன புள்ள, கொட்டிட்டு நிக்கிறீங்க?" என்றார் நசார் நானா.

"தண்ணி வடியட்டும் நானா."

"என்ட லொறி ரோட்டுல நிக்குது. பொலிஸ்காரன் வாறான். தண்ணி காயிற வரைக்கும் நான் ஒக்காந்து நோன்பு புடிக்கவா?"

"பத்து நிமிஷம். தண்ணி எங்களுக்கும் வேணாம், ஒங்களுக்கும் திருப்பித் தர ஏலாது."

"பத்து நிமிஷத்துக்கு யாரு வாடக தாற?"

"இருந்து ஒரு டீ குடிங்க நானா. டீ நம்ம ஊருதுதான்."

நசார் நானா நடிப்பை மறந்து சிரித்துவிட்டார். வர்கீஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவள் அந்த நேரத்தில் அழுகலைப் பொறுக்கி ஒரு பக்கம் வைத்தாள். கறுப்பை வைத்தாள். நுனி உடைந்ததை வைக்கவில்லை, அது சமையலுக்கு ஆகும் என்றாள். பிறகு நல்லதைப் பெட்டியில் போட்டு நிறுத்தாள். எழுதினாள். அழுகலைத் தனியாக நிறுத்து நசார் நானாவிடம் காட்டி, அதையும் எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கினாள்.

அவளிடமும் கேட்டேன்.

"எவ்வளவு கழிப்பீங்க?"

"கழிக்க ஒண்ணும் இல்ல சேர். சாக்கு கீழ கெடக்கு."

"நூறு சாக்கு வந்தா எல்லாத்தையும் கொட்டுவீங்களா?"

"இல்ல சேர். அப்ப வெறும் சாக்கு ஒண்ண நிறுத்து, அந்த அளவ எல்லாத்துக்கும் கழிப்பேன். நிறுக்காம கழிக்க மாட்டேன்."

"ரெண்டு கிலோன்னுதான் வழக்கம்."

அவள் முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தாள்.

"தெரியும் சேர். எங்கம்மா இன்னும் கொழுந்துதான் எடுக்குறாங்க."

நான் 'கழிவு' என்ற இடத்தில் சைபர் போட்டேன்.

5

மத்தியானம் பார்சல் சோறு வந்தது. வர்கீஸும் நசார் நானாவும் கீழே போய்ச் சாப்பிட்டார்கள். பிள்ளைகள் இருவரும் வராந்தாவில். நிவேதா சாப்பிட்டுக்கொண்டே புள்ளிகளைப் பதிந்தாள்.

"அப்பா. இர்ஃபான் நாப்பத்தொண்ணு. கோகிலா முப்பத்தெட்டு."

"சரி."

"இதுல ஒரு சைபர் இருக்கு. நீங்க போட்டதா, நான் தப்பாப் பாக்குறேனா?"

"நான் போட்டது."

"ஏன்?"

"கழிக்கல."

"கழிக்க என்னப்பா இருந்திச்சு? சாக்குதான் வெளிய கெடந்திச்சே."

நான் சோற்றைப் பிசைந்தேன்.

"சீரியஸா கேக்குறேன். வெறும் பையோட நிறைக்கு எங்க புத்தகத்துல ஒரு பேர் இருக்கு. அத நிறுத்துத்தான் கழிக்கணும், சும்மா சொல்லக்கூடாதுன்னு முதல் பாடத்துலயே இருக்கு. நீங்க மஸ்கட்ல எவ்வளவு கழிக்கிறீங்க?"

"ரெண்டு கிலோ."

"நிறுத்துப் பாத்தா?"

"இல்ல."

"ஒரு தடவ கூடவா?"

"இல்ல."

"நிறுக்காம எடுத்தா அதுக்கும் ஒரு பேர் இருக்குப்பா."

"என்ன பேர்?"

அவள் சோற்றுப் பார்சலைச் சுற்றி எடுத்துக்கொண்டு கை கழுவப் போனாள்.

நான் அங்கேயே இருந்தேன். தார்ப்பாயில் கோகிலா கொட்டிய சாக்கு கிடந்தது. ஈரமாக, மடங்கி.

எழுத வேண்டாம் என்று நினைத்திருந்த ஒன்றை எழுத வேண்டி வருகிறது.

எங்கள் தோட்டத்தில் அப்போது ஒரு நாள் பேருக்குப் பதினெட்டுக் கிலோ. பதினெட்டு நிறுத்தால் முழுப்பேர், அதாவது முழு நாள் கூலி. குறைந்தால் அரைப்பேர். அன்றும் மழை. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் வரிசை நின்றது. அம்மாவின் சாக்கைக் கொக்கியில் மாட்டியது நான். முள் பத்தொன்பதில் நின்றது. நான் பார்த்தேன். கணக்கப்பிள்ளையும் பார்த்தார்.

"ரெண்டு கழிவு. பதினேழு. அரைப்பேர்," என்றார்.

அம்மா நகரவில்லை. பின்னால் நின்றவர்கள் தள்ளினார்கள்.

"ஐயா, வெறும் சாக்க ஒருக்கா நிறுங்க," என்றாள் அம்மா.

"என்னது?"

"வெறும் சாக்க. ரெண்டு கிலோ இருந்தா கழிங்க."

கணக்கப்பிள்ளை பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "வெறும் சாக்க நிறுத்துக் காட்டினா அதுக்கும் ஒரு பேர் போடணுமா?" என்றார். வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். ஐயா சிரித்தால் சிரிக்க வேண்டும்.

நானும் சிரித்தேன். கொக்கி என் கையில் இருந்தது. கொட்டிய சாக்குகள் என் காலடியில் கிடந்தன. ஒன்றை எடுத்து மாட்ட எத்தனை நேரம் பிடிக்கும்?

அம்மா வீட்டில் அதைப் பற்றிப் பேசவில்லை. வழக்கம்போலச் சோறு போட்டாள். அதற்குப் பிறகு மடுவத்தில் ஒன்றும் கேட்டதில்லை. நான் மஸ்கட்டில் தராசுக்கு மாறியபோது கடிதம் எழுதினேன். யாரையோ கொண்டு வாசிப்பித்துவிட்டுப் பதில் போட்டிருந்தாள். 'உடம்பைப் பார்த்துக்கொள்' என்று இருந்தது. வேலையைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

6

மூன்று மணிக்கு வர்கீஸ் திரும்பி வந்தார். புள்ளித்தாளைப் பார்த்தார்.

"நல்லது. பையன்தான். எனக்கும் அவன்தான் பிடித்தது. சப்ளையர் அவனிடம் வாயைத் திறக்க முடியாது."

"அந்தப் பிள்ளையை எடுப்போம்," என்றேன்.

"புள்ளி அப்படிச் சொல்லவில்லையே."

"புள்ளி போட்டது பிழை. கழிவுக்கு நான் சைபர் போட்டேன். பத்துப் போட வேண்டியது."

வர்கீஸ் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் தமிழும் மலையாளமும் கலந்துதான் பேசுவார். கோபம் வந்தால் மலையாளம் கூடும். அன்று சுத்தத் தமிழில் பேசினார்.

"சந்திரா, அவள் மேடைக்கு வந்தால் கழிவு போய்விடும். யோசித்தாயா?"

"யோசித்தேன். அந்த இரண்டு கிலோவைக் கம்பனி சொல்லவில்லை. நான் கொண்டுபோனது. சாக்கு அவ்வளவு நிறை இல்லை."

"எனக்குத் தெரியும்."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"அன்றைக்கே தெரியும். சாக்கு இரண்டு கிலோ இருக்குமா? நாங்கள் என்ன குழந்தைகளா? அதனால்தானே உன்னைப் பாத்திரம் கழுவுகிற இடத்திலிருந்து எடுத்தோம்."

அவர் அதைத் திட்டுவதற்காகச் சொல்லவில்லை. தெரிந்த விஷயத்தை ஞாபகப்படுத்துகிற மாதிரித்தான் சொன்னார். இத்தனை வருஷமாக நான் என் கண்ணும் கையும் நல்லவை என்றுதான் எடுத்தார்கள் என்று நினைத்திருந்தேன். ஊரில் அப்படித்தான் சொல்லியும் இருக்கிறேன்.

"என் இடத்துக்குத்தானே ஆள் எடுக்கிறோம்?" என்றேன்.

"ஆமாம்."

"அப்படியென்றால் அந்தப் பிள்ளை. இல்லாவிட்டால் நான் இந்தத் தாளில் கையெழுத்துப் போட மாட்டேன்."

அவரிடம் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு நிபந்தனை சொன்னார். மூன்று மாதம் தவணை. அதன் முடிவில் மரக்கறிச் செலவு கூடியிருந்தால் அவள் திரும்பி வர வேண்டும். அவளோடு நானும், விலகும் திகதிக்குக் காத்திராமல். எழுதித் தா என்றார். எழுதிக் கொடுத்தேன். நிவேதாதான் ஆங்கிலத்தில் எழுதினாள்.

இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டோம். கோகிலாவிடம் நிபந்தனையையும் சேர்த்துச் சொன்னேன். மறைக்கவில்லை.

"மூணு மாசத்துல திருப்பி அனுப்பினா இங்க இருக்குற டெம்பரரியும் போயிடும் சேர்," என்றாள்.

"போயிடும்."

"வீட்டுல கேட்டுட்டுச் சொல்லவா?"

"கேளுங்க."

அவள் வாசல் வரை போய்த் திரும்பி வந்தாள். "கேக்க வேணாம் சேர். வாறேன்," என்றாள்.

இர்ஃபான் என்னிடம் தனியாக வந்தான். முகத்தில் சிரிப்பு இருந்தது, கொஞ்சம்தான்.

"சேர், கழிக்கச் சொல்ற மாதிரி கேட்டது நீங்கதானே. நான் ஒங்கட மொகத்தப் பாத்துத்தான் செல்லினேன்."

"ஆமா தம்பி."

"கழிக்க மாட்டேன் எண்டு செல்லியிருந்தா என்ன எடுத்திருப்பீங்களா?"

"தெரியாது."

"தெரியாது எண்டு செல்றது நல்லம்," என்றான். "பொய்ய விட நல்லம்." நசார் நானாவின் தோளில் கை போட்டுக்கொண்டு இறங்கிப் போனான். நசார் நானா பிறகு அவனை வேறு நாட்டுக்கு நல்ல இடத்துக்கு அனுப்பினார். நான் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். அது அவனுக்கு நான் பட்ட கடனுக்குப் போதாது.

7

கோகிலா வந்து சேர நான்கு மாதம் ஆனது. பொலிஸ் அறிக்கை, மருத்துவம், கிராம சேவகர் கடிதம். முகவரிக்கு அத்தாட்சி கேட்டார்கள். தோட்டத்து ஆபிஸ் கடிதம் தர மூன்று வாரம் எடுத்தது. வந்த கடிதத்தில் காம்பரா நம்பர் பிழை. திரும்பவும் மூன்று வாரம். நான் மஸ்கட்டிலிருந்து ஒவ்வொரு வெள்ளியும் அழைத்தேன். "இன்னும் கெடைக்கல சேர்" என்பாள். அவ்வளவுதான் பேசுவோம்.

முதல் நாள் காலை ரஹீமின் லொறி வந்தது. ரஹீம் பாகிஸ்தான்காரர். உருளைக்கிழங்கு கொண்டுவருகிறவர். தராசில் என் முதல் நாள் வந்த முப்பது சாக்கும் அவருடையதுதான். அன்று முறைத்தவர் பிறகு முறைக்கவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. கையெழுத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

கோகிலா பெட்டியை வைத்துச் சைபர் ஆக்கினாள். அன்று வந்தது பன்னிரண்டே சாக்கு. எல்லாவற்றையும் கொட்டினாள். அடியில் அழுகல் இருந்தது. எடுத்து, தனியாக நிறுத்து, திருப்பினாள். நல்லதை அப்படியே எழுதினாள். ரஹீம் சீட்டை வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். என்னிடம் வந்து உருது கலந்த இந்தியில் கேட்டார்.

"சந்திரன் பாய், உன் சாக்குக்கு ஏதும் நோயா? இவ்வளவு வருஷம் குண்டாக இருந்தது. இன்றைக்குத் திடீரென்று மெலிந்துபோயிருக்கிறதே."

கோகிலாவுக்கு இந்தி தெரியாது. "என்ன சேர் சொல்றாரு?" என்றாள்.

"சாக்க விசாரிக்கிறாரு," என்றேன்.

மூன்று மாதமும் நான் சரியாகத் தூங்கவில்லை. கோகிலா தூங்கினாளா என்று கேட்கவில்லை. மேடைக்கு எனக்கு முன்னால் வந்து நிற்பாள். முதல் மாதம் செலவு கூடியது. வர்கீஸ் தாளைக் காட்டினார். இரண்டாம் மாதம் அடி அழுகல் குறைந்தது. ரஹீம்தான் முதலில் குறைத்தார். நாங்கள் எடுக்கிற இரண்டு கிலோவை ஈடுகட்டத்தான் அவரும் இத்தனை வருஷம் அடியில் அழுகலை வைத்திருக்கிறார். வேறு இரண்டு பேர் இன்னும் வைக்கிறார்கள். கோகிலா கொட்டித் திருப்புகிறாள். சமையலறையில் அழுகல் என்று வெளியே வீசுவது குறைந்தது. மூன்றாம் மாதம் செலவு பழைய இடத்துக்கு வந்து நின்றது. கூடவில்லை, குறையவும் இல்லை.

போன வியாழக்கிழமை வர்கீஸ் நிரந்தரமாக்கும் தாளில் கையெழுத்துப் போட்டார். பதவி என்ற இடத்தில் 'உதவிக் கொள்வனவாளர்' என்று இருந்தது. கோகிலா அந்தத் தாளை மேடையில் நின்றபடியே வாசித்தாள். மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு வெளியே எடுத்துத் திரும்பவும் வாசித்தாள்.

நிவேதாவின் படிவத்தில் அந்தப் பெட்டி இன்னும் காலிதான். இந்த வருஷமும் விட்டுவிட்டாள். ஆனால் கோகிலாவோடு சனிக்கிழமைகளில் பேசுகிறாள். ஒருத்தி புத்தகத்தில் உள்ள பெயரைச் சொல்கிறாள். மற்றவள் அதை எப்படிச் செய்வது என்று சொல்கிறாள். நான் நடுவில் போவதில்லை.

கரும்பலகை மட்டும் அப்படியே இருந்தது. சாக்குக் கழிவு 2 கிலோ. மூன்று மாதமாக யாரும் அதைப் பார்த்து நடக்கவில்லை, யாரும் அழிக்கவும் இல்லை. நேற்றுக் காலை லொறிகள் போன பிறகு கோகிலாவிடம் துணியைக் கொடுத்து, அழித்துவிடச் சொன்னேன்.

"நீங்க எழுதினது சேர்," என்றாள். "நீங்களே அழிங்க."

அழித்தேன். நாளைக்கு நூற்றிருபது சாக்கு வருகிறது. எல்லாவற்றையும் கொட்ட முடியாது. பலகையில் ஓர் எண் வேண்டும்.

காலடியில் கிடந்த வெறும் சாக்கு ஒன்றை எடுத்தேன். மண்ணைத் தட்டினேன். நாலாக மடித்தேன். தராசில் வைத்தேன். கோகிலா பக்கத்தில் வந்து நின்றாள். எண் ஆடி ஆடி நின்றது. நான் வெண்கட்டியை எடுத்துப் பலகையில் எழுதினேன்.

130 கிராம்.